இடது காலுக்கு மட்டும் ஒரு மேஸ்

மேல் டிவிசன், இறம்பொடை
2024 ஜூன் 9

மதிப்பிற்குரிய டொக்டர் அவர்களுக்கு,

நோயாளியின் மகள் ஒருத்தி உங்களுக்குக் கடிதம் எழுதுவது முறையா என்று தெரியவில்லை. பிழையென்றால் மன்னித்துவிடுங்கள். வியாழக்கிழமை கிளினிக்கில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்துவிட்டேன். பஸ் புசல்லாவையைத் தாண்டிய பிறகு எல்லா வாக்கியமும் ஒழுங்காக வந்தது. அப்போது கேட்பதற்கு நீங்கள் இல்லை.

என் பெயர் வினோதா. அம்மா நாகலெட்சுமி. உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அன்றைக்கு வாங்கில் இடமில்லாமல் பெண்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள். அம்மா பச்சைக்கரை வைத்த மஞ்சள் சேலை உடுத்தியிருந்தார். கருப்பையின் உட்புறத்தில் புற்றுநோய் என்றும், ஆரம்ப நிலை போலத்தான் தெரிகிறது என்றும் சொன்னீர்கள். கருப்பையோடு சேர்த்து, இடுப்புக்குள் இரண்டு பக்கமும் இருக்கிற நிணநீர்க்கணுக்களையும் எடுத்து, நோய் அங்கே போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றீர்கள். அப்படி எடுத்தவர்களில் சிலருக்குப் பின்னால் கால் வீங்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னீர்கள். பிறகு அம்மாவிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டீர்கள்.

"வீட்டோடதாங்க இருக்கேன்" என்றார் அம்மா.

நீங்கள் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். அது உண்மையில்லை, டொக்டர். அம்மா கொழுந்து எடுக்கிறவர். வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"எம் மக டிகிரி முடிச்சவன்னு அந்தம்மாகிட்ட அப்பதான் சொல்லி முடிச்சேன். அந்த வாயாலயே நான் கொழுந்து எடுக்கறேன்னு சொல்லவா? ஒன்னைய என்னன்னு நெனைப்பாங்க?" என்றார்.

எங்கள் மலை செங்குத்தானது. கூடையை முதுகில் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் கால் ஊன்றித்தான் நிற்க முடியும். கவ்வாத்து வெட்டிய செடிகளின் கட்டை காலைக் கீறும். மழை தொடங்கினால் அட்டை. சவுக்காரமும் உப்பும் தேய்த்துக்கொண்டுதான் இறங்குவார்கள். அப்படியும் சாயங்காலம் அம்மாவின் சேலை விளிம்பில் இரத்தம் இருக்கும். நான் படித்தது புவியியல். வைத்தியம் தெரியாது. ஆனால், வீங்கிய காலில் சின்னக் கடி பட்டாலும் கிருமி ஏறிக் காய்ச்சல் வரும் என்று கைபேசியில் வாசித்த நாளிலிருந்து என் கண்ணில் அம்மாவின் கால்தான் நிற்கிறது.

ஒபரேஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்மா எனக்கு வேண்டும். அவர் வீட்டோடு இருப்பவர் என்று நினைத்து நீங்கள் எதையும் முடிவு செய்துவிடக் கூடாதே என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் விசயம் தெரிந்தவர் பக்கத்துக் காம்பரா காளியாயி பெரியம்மா மட்டும்தான். அம்மாவும் அவரும் மலையில் ஒரே நிரையில் நிற்பவர்கள். நேற்று வந்து, தலைச் சும்மாட்டுக்குப் பழைய சேலை இருக்கிறதா என்று கேட்டார். அம்மா ஊதாப் பூப்போட்ட சேலையைக் கொடுத்தார். "குடு லெச்சுமி. ஆஸ்பத்திரியில ஒனக்கு வெள்ளக்காரி மாதிரி கவுனு போட்டுவுடுவாங்களாம்ல. இனி சீல எதுக்குடி ஒனக்கு?" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். அம்மாவும் சிரித்தார். பல நாளுக்குப் பிறகு.

பதில் எழுத நேரம் கிடைத்தால், நுவரெலியாவில் நான் வேலை செய்யும் காரியாலய விலாசத்துக்கு அனுப்புங்கள். லயத்துக்கு வருகிற கடிதம் தோட்ட ஆபீசில் கிடந்துவிடும்.

பணிவுடன்,
ஆ. வினோதா

*

கண்டி
2024 ஜூன் 17

அன்புள்ள வினோதா,

மன்னிப்பு எதற்கு? கிளினிக்கில் நீங்கள் என்னிடம் பேசியது "ஆமா டொக்டர்", "சரி டொக்டர்", அவ்வளவுதான். கடிதத்தில் பேசுகிற பெண்ணும் அவள்தானா என்று உங்கள் அம்மாவின் கார்டை எடுத்துப் பெயரைச் சரிபார்த்தேன். என் தமிழ் எழுத்து பாடசாலையோடு நின்றுபோனது. பிழைகளை நீங்களே திருத்தி வாசியுங்கள்.

பிழை என்றால் அது என்னுடையதும்தான். கேள்வி கேட்டேன், பதில் வந்தது, எழுதினேன். நிமிர்ந்து கொஞ்சம் காத்திருந்தால் நீங்கள் வாய் திறந்திருப்பீர்கள். அடுத்தவருடைய கார்டு அதற்குள் என் கையில் இருந்தது.

இன்னொன்று தெரியுமா? என் வாப்பா சரிபுதீன் இறம்பொடைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்தவர். நான் உப்பு நிறுத்துக் கொடுத்து வளர்ந்தவள். மழைக்காலத்தில் உங்கள் தோட்டத்துப் பெண்கள் சவுக்காரம் வாங்க வரும்போது அவர்களுடைய கால்களைப் பார்த்திருக்கிறேன். வகுப்பில் என் சொந்தக் காலிலிருந்தே அட்டையைப் பிடுங்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் உங்கள் அம்மா சொன்னதை எழுதினேனே தவிர, குனிந்து அவர் பாதத்தைப் பார்க்கவில்லை.

இனி விசயத்துக்கு வருகிறேன். அக்குளிலோ தொடையிடுக்கிலோ "நெறி கட்டியிருக்கு" என்று அம்மா சொல்வாரில்லையா, அந்த நெறிதான் நிணநீர்க்கணு. உடம்புக்குள்ளேயும் அவை கொத்துக் கொத்தாக இருக்கின்றன. கருப்பையிலிருந்து நோய் வெளியேறினால் பெரும்பாலும் முதலில் அங்கேதான் போகும். அதனால்தான் அவற்றைச் சோதிக்கிறோம். காலிலிருந்து வரும் நீரும் அதே வழியில் வடிவதால், எல்லாவற்றையும் எடுக்கும்போது சிலருக்கு வடிகால் அடைபட்டுக் கால் வீங்குகிறது.

இன்னொரு முறையும் இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்தபின் கருப்பையின் வாயில் நீலச் சாயம் ஏற்றுவோம். சாயம் நிணநீரின் வழியே போய் முதலில் எந்தக் கணுவில் சேர்கிறதோ, அந்தக் கணு நீலமாகத் தெரியும். நோய் புறப்பட்டிருந்தால் முதலில் அங்கேதான் தங்கியிருக்கும். அதை மட்டும் எடுத்துச் சோதித்தால் போதும், மற்றவற்றை விட்டுவிடலாம். அம்மாவின் ஸ்கேனை மறுபடி பார்த்தேன். அவருக்கு இந்த முறை பொருந்தும்.

ஆனால் இதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாயம் சிலருக்கு ஒரு பக்கம் தெரியும், மறுபக்கம் தெரியாது. தெரியாத பக்கத்தில் கணுக்களை முழுவதுமாக எடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பக்கம் நோய் இல்லை என்று நான் எதை வைத்துச் சொல்வது?

வரும் வியாழக்கிழமை அம்மாவை அழைத்து வாருங்கள். முடிவு அவருடையது. அவரிடமே பேசுகிறேன். அவசரத்துக்கு வார்ட் நம்பர் கீழே இருக்கிறது. மற்றதற்கு எழுதுங்கள். போனில் என்றால் "சரி டொக்டர்" என்று வைத்துவிடுவீர்கள்.

பிரார்த்தனையுடன்,
இஷ்ரா சரிபுதீன்

*

மேல் டிவிசன், இறம்பொடை
2024 ஜூன் 30

அன்புள்ள டொக்டர்,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "லெட்டரு போட்டியாடி நீ?" என்று கேட்டுவிட்டு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அடுத்த நாள் ரொட்டி சுட்டுக்கொண்டே, "சரிபுதீன் மொதலாளி மகளா அது? நூலு போட்டு சவுக்காரத்த அறுத்து பாதி குடுப்பாரே, அவரு மகளா?" என்றார். அதன் பிறகு கோபத்தைக் காணவில்லை.

வியாழக்கிழமை நடந்ததற்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் நாற்காலியை இழுத்து அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டீர்கள். "கொழுந்துதாங்க எடுக்கறேன்" என்று அம்மா சொன்னபோது உங்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நான் அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான் முடிந்தது. நீங்கள் செருப்பைக் கழற்றச் சொல்லி, குனிந்து, அட்டை கடித்துக் கறுத்த தழும்புகளைப் பார்த்தீர்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா, "நான் காலக் காட்டுனா அந்தப் புள்ள மூஞ்சி சுளிக்கும்னு நெனச்சேன்" என்றார்.

சாயத்தைப் பற்றிச் சாயங்காலமே காளியாயி பெரியம்மாவுக்கு விளக்கம் நடந்தது.

"மேல மண்ணு கரைஞ்சா மொதல்ல எங்கக்கா வந்து நிக்கும்? தண்ணி ஓடற கானுல இருக்கற மொதக் குழியிலதானே? அதுல மண்ணு இல்லன்னா கீழ இருக்கற குழியெல்லாம் எதுக்குத் தோண்டணும்? அதுதான்."

"அப்ப அந்த டாக்டரம்மா ஒனக்குக் கான் பாக்கப் போவுதுன்னு சொல்லு" என்றார் பெரியம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆமா லெச்சுமி, ஒனக்கு மொதல்ல எப்புடித் தெரிஞ்சிச்சு? நின்னு போனதுக்கு அப்பறமும் பட்டுச்சா? நெறையவா, கொஞ்சமா?" என்று கேட்டார். இதே கேள்வியைப் போன வாரமும் கேட்டார். அம்மாவின் மீது அவருக்கு அவ்வளவு அக்கறை.

அம்மா சம்மதித்துவிட்டார். "ரெண்டு பக்கமும் தெரிஞ்சா நல்லது. ஒரு பக்கம் தெரியலன்னா அந்தப் பக்கத்த எடுக்கட்டும். எனக்குத் தெரிஞ்சே எடுக்கறாங்கல்ல" என்றார்.

நன்றியுடன்,
வினோதா

*

கண்டி
2024 ஜூலை 19

அன்புள்ள வினோதா,

இதை வார்டில் தாதியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். நாளை முதல் சில வாரங்கள் கொழும்பில் பயிற்சி. அறிக்கை வரும்போது நான் இருக்க மாட்டேன். ஒபரேஷனில் நடந்ததை என் கையாலேயே எழுதிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

வலப்பக்கம் சாயம் அழகாக ஓடியது. நூல் மாதிரி ஒரு நீலக் கோடு, அதன் முடிவில் ஒரு கணு. அதை மட்டும் எடுத்தேன். இடப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி ஏற்றினேன். காத்திருந்தேன். மயக்க மருந்து டொக்டர் என்னைப் பார்க்கத் தொடங்கும்வரை காத்திருந்தேன். வரவில்லை. பேசிக்கொண்டபடி இடப்பக்கத்துக் கணுக்களை முழுவதும் எடுத்தேன்.

மயக்கம் தெளிந்து அம்மா கேட்ட முதல் கேள்வி, "எந்தக் காலுங்க?" என்பதுதான். இடது என்றேன். "கூட தூக்கி ஏறும்போது நான் வலது காலத்தான் மொதல்ல ஊனுவேன். அது போதும்" என்றார். வினோதா, நான் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

இடது கால் வீங்கும் என்று அர்த்தமில்லை. வீங்கலாம், அவ்வளவுதான். அந்தக் காலில் கீறலோ கடியோ படாமல் பார்க்க வேண்டும். சிவந்தால், சூடாக இருந்தால், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மலைக்குப் போகலாமா என்று கேட்பார். காயம் முழுக்க ஆறிய பிறகு நடப்பது நல்லது. அட்டைதான் கூடாது. அதற்கு வழி எனக்குத் தெரியவில்லை. உங்கள் அம்மாவுக்குத் தெரிந்தாலும் தெரியும்.

இஷ்ரா

*

மேல் டிவிசன், இறம்பொடை
2024 ஆகஸ்ட் 18

அன்புள்ள டொக்டர்,

அறிக்கை வந்துவிட்டது. வலப்பக்கத்து ஒற்றைக் கணுவிலும் நோய் இல்லை. இடப்பக்கத்தில் எடுத்த எதிலும் இல்லை. மேற்கொண்டு மருந்து தேவையில்லை, ஒழுங்காகக் கிளினிக் வந்தால் போதும் என்று உங்கள் இடத்தில் இருந்த டொக்டர் சொன்னார். நான் "சரி டொக்டர்" என்றேன். வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்து அழுதேன். "நல்ல சேதிக்கு ஏன்டி அழுவுற, பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க" என்று அம்மா என் முதுகில் ஒரு அடி வைத்தார். வலித்தது. அந்த வலி எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். ஒபரேஷன் முடிந்த மறுநாள் காளியாயி பெரியம்மா பார்க்க வந்தார். கட்டிலுக்குக் கீழே தொங்கிய சிறுநீர்ப் பையைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். பச்சையும் நீலமுமாக இருந்தது. சாயம் இறங்குவதாக நீங்கள் முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் பயப்படவில்லை. "அடியே, ஒடம்பு பூரா கொழுந்துச் சாறுடி ஒனக்கு! பையக் கொண்டுபோய் நிறுவையில வச்சா தோட்டத்துத் தொரை ஒருநாள் சம்பளத்துக்குப் பேரு போட்டுருவான்" என்றார். தையல் வலிக்க வலிக்க அம்மா சிரித்தார். தாதி வந்து எங்கள் மூன்று பேரையும் ஏசினார்.

அட்டைக்கு அம்மா வழி கண்டுபிடித்துவிட்டார். கோதுமை மா சாக்குத் துணியை நன்றாகக் கொதிக்கவைத்து, முழங்காலுக்கு மேலே வரை வரும் மேஸ் ஒன்று தைத்திருக்கிறார். சப்பாத்துக்குள் போடும் காலுறை மாதிரியேதான். மேலே நாடா வைத்துத் தளர்வாகக் கட்டிக்கொள்ளலாம். இடது காலுக்கு மட்டும். வலது காலுக்கும் தையுங்கள் என்றால், "அந்தக் காலத்தான் டாக்டரம்மா காப்பாத்திக் குடுத்துருச்சே" என்கிறார்.

நன்றியுடன்,
வினோதா

*

கண்டி
2024 செப்டெம்பர் 3

அன்புள்ள வினோதா,

பயிற்சி முடிந்து வந்ததும் உங்கள் கடிதத்தைத்தான் முதலில் பிரித்தேன். அறிக்கையை நானும் பார்த்துவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ். நிறுவைக் கதையை வாப்பாவிடம் சொன்னேன், இருமும்வரை சிரித்தார். வலது காலையும் அட்டை கடிக்கத்தான் செய்யும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கேட்க மாட்டார், இருந்தாலும் சொல்லுங்கள். நாடாவை இறுக்கிக் கட்டக் கூடாது.

இஷ்ரா

*

மேல் டிவிசன், இறம்பொடை
2025 மே 25

அன்புள்ள டொக்டர்,

அம்மா மலைக்குத் திரும்பிச் சில மாதங்கள் ஆகின்றன. கிளினிக்கில் அவரைப் பார்க்கிறீர்கள், ஆனால் மலையில் பார்த்ததில்லையே. அதனால் எழுதுகிறேன். காலையில் இடுப்பில் சாக்குப் படங்கு கட்டி, இடது காலில் மேஸ் மாட்டி, கூடையோடு படியேறுகிறார். வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், தொரைமார் மாதிரி மேஸ் போடுவதால், அவருக்கு "ஒத்தக்கால் தொரை" என்று பெயர். "தொரை வந்துட்டாரு, எந்திரிச்சு நில்லுங்கடி" என்று தொடங்கிவைத்தவர் காளியாயி பெரியம்மா. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. சாயங்காலம் வந்ததும் வாசலில் உட்கார்ந்து, நூலால் இரண்டு காலையும் சுற்றி அளந்து பார்க்கிறார். இடது கால் சில நாள் ஒரு விரல் கூடுதல். காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் காலையில் சரியாகிவிடுகிறது. இதுவரை காய்ச்சல் இல்லை, சிவப்பு இல்லை.

மழை தொடங்கிவிட்டது. போன வருடம் இதே மழையில்தான் உங்களுக்கு முதல் கடிதம் எழுதினேன். அன்று நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. நேற்று அம்மா மேலே ஏறுவதைக் காரியாலயத்துக்குப் புறப்படும்போது பார்த்தேன். வலது காலை முதலில் ஊன்றித்தான் ஏறினார். அந்த இடத்திலேயே நின்று உங்களுக்கு நன்றி சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்தில் யாரும் இல்லை.

இவ்வளவு நேரம் நான் சுற்றிச் சுற்றி எழுதுவது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா பீலிக்குக் குளிக்கப் போனார். அங்கே காளியாயி பெரியம்மா தனியாகத் துணி அலசிக்கொண்டிருந்தார். அம்மாவைக் கண்டதும் கையிலிருந்ததை வாளிக்குள் அமுக்கினார். ஊதாப் பூப்போட்ட துணி. அம்மாவின் பழைய சேலையைக் கிழித்த துண்டு. சும்மாட்டுக்கு என்று வாங்கிப்போனது. வாளித் தண்ணீர் சிவந்திருந்தது. பெரியம்மாவுக்குத் தீட்டு நின்று பல வருடம்.

"எத்தன நாளாக்கா?" என்று அம்மா கேட்டிருக்கிறார்.

"ஒனக்குத் தெரியறதுக்கு முந்தியே லெச்சுமி. எவகிட்டயும் சொல்லாத. ஒனக்காச்சும் சம்பாதிக்கிற மக இருக்கா. எங்காலு போச்சுன்னா எனக்கு யாரு இருக்கா?"

அம்மா குளிக்காமலே வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். பெரியம்மா அத்தனை தடவை கேட்ட கேள்விகளை அக்கறை என்று நினைத்தோமே என்றார். நானும் அப்படித்தானே உங்களுக்கு எழுதினேன்.

இந்த ஒரு வாரமாகப் பேசிப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்திருக்கிறோம். உங்களைத் தவிர வேறு யாரிடமும் காட்ட மாட்டேன் என்கிறார். "நாலு பேருகிட்ட இதச் சொல்ல என்னால ஆவாது. லெச்சுமி காலக் குனிஞ்சு பாத்த புள்ளயின்னா வர்றேன்" என்கிறார். உங்களால் வாக்குக் கொடுக்க முடியாது என்பதையும் சொல்லிவிட்டேன். முதலில் அது நோய்தானா என்றே பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். "தெரியும்டி, எனக்கும் கான் பாக்கட்டும்" என்றார். அம்மா மா சாக்கு வாங்கிவந்து ஒரு ஜோடி மேஸ் தைத்து வைத்திருக்கிறார். எந்தக் காலுக்குத் தேவைப்படும் என்று தெரியாதே, ஒன்றுக்கும் தேவைப்படாவிட்டால் நான் போட்டுக்கொள்கிறேன் என்கிறார்.

வரும் வியாழக்கிழமை காளியாயி பெரியம்மாவைக் கூட்டி வரட்டுமா, டொக்டர்? நல்ல சேலை உடுத்திக்கொண்டுதான் வருவார். என்ன வேலை என்று நீங்கள் கேட்டால், நாங்கள் எவ்வளவு சொல்லியிருந்தாலும், வீட்டோடு இருப்பதாகச் சொல்லிவிடுவார் என்று பயமாக இருக்கிறது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். கேட்டுவிட்டு உடனே எழுதிவிடாதீர்கள். எனக்கு வாய் திறக்கக் கொஞ்ச நேரமாகும். காத்திருங்கள்.

வினோதா